குன்னூரில் ஒரு சிறு எஞ்சின் பட்டறை: ஓடும்போதே நின்றுபோகும் புல்வெட்டிக்குக் கிடைத்த வைத்தியம்

தேயிலை அறுவடை இயந்திரங்களையும் கவாத்து இயந்திரங்களையும் பழுது பார்ப்பதையே முக்கியத் தொழிலாகக் கொண்ட, குன்னூரில் உள்ள சிறிய பட்டறை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. நீலகிரியில் புல்தரை வைத்திருப்பவர்கள், அதாவது தங்கும் விடுதி நடத்துபவர்கள், எஸ்டேட் பங்களாக்களைப் பராமரிப்பவர்கள், பள்ளி மைதானங்களுக்குப் பொறுப்பானவர்கள், பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி (லான் மோவர்) பாதி வேலையில் நின்றுபோகும்போது அதை எங்கே கொண்டுபோவது என்று ஒரு முறையேனும் யோசித்திருப்பார்கள். பட்டறையின் உரிமையாளரே அதன் மெக்கானிக்கும் ஆவார். தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். கொழுந்து வரத்து மிகும் மாதங்களில் கையில் இருக்கும் வேலையையே முடிக்க முடிவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை இயந்திரம் வைத்திருக்கும் சிறு விவசாயி எவரைக் கேட்டாலும் இப்படிப்பட்ட ஒரு பட்டறைக்கு வழி சொல்வார் என்பதால், பெயரைவிட அங்கே வேலை எப்படி நடக்கிறது என்பதை விரிவாக எழுதுவதே பயனுள்ளது என்று கருதுகிறேன்.

பழுதான எங்கள் இயந்திரம் 160 சிசி அளவுள்ள, நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய, பின்னால் நடந்து தள்ளும் வகையைச் சேர்ந்தது. எஸ்டேட் பங்களா ஒன்றிலிருந்து பழையதாக வாங்கப்பட்டு, இப்போது எங்கள் சிறிய விடுதியின் புல்தரையில் வேலை செய்கிறது. நீலகிரியின் புல்தரைகளில் பெரும்பாலும் பரவிக் கிடப்பது கிக்கூயு புல். ஆப்பிரிக்க மலைநாட்டிலிருந்து வந்த இந்தப் புல் தரையோடு தரையாகக் கொடியோடி, கம்பளம்போல் அடர்ந்து வளரும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையே அதிகம் பெய்வதால், ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வாரம் வெட்டாமல் விட்டாலே பிளேடு திணறும் அளவுக்குப் புல் ஏறிவிடும். இயந்திரம் நின்றுபோகத் தொடங்கியது அந்தப் பருவத்தில்தான். காலையில் முதல் இழுப்பிலேயே கிளம்பும். சிறிது நேரம் நன்றாக ஓடும். பிறகு திடீரென இருமி நிற்கும். சில நேரம் உடனே மறுபடி கிளம்பும். சில நேரம் எவ்வளவு இழுத்தாலும் கிளம்பாது.

குன்னூர்ப் பட்டறைக்கு வருவதற்கு முன் இயந்திரம் சமவெளியில் உள்ள ஒரு சேவை மையத்துக்குச் சென்று திரும்பியிருந்தது. அங்கே முதலில் ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினார்கள். குறை தொடர்ந்ததும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரையே புதிதாகப் போட்டார்கள். கட்டணம் 4,000 ரூபாயைத் தாண்டியது. அங்கே அவர்கள் முன்னிலையில் இயந்திரம் அரை மணி நேரம் குறையின்றி ஓடியதை நானும் பார்த்தேன். மலைக்குத் திரும்பியதும் மறுபடி நின்றது, முன்பைவிடவும் அதிகமாக: ஒரு முறை பழையபடி திடீரென இருமி, மற்றொரு முறை மெல்ல மெல்லத் தளர்ந்து. அந்த மையத்தார் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். கழற்றிய பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டுத் திருப்பித் தந்தார்கள். அந்தப் பெட்டிதான் பின்னால் பெரிதும் உதவியது. ஆனால் எஞ்சின் எந்த நிலையில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, எப்படி நிற்கிறது என்று அங்கே எவரும் கேட்கவில்லை. நிற்கிறது என்று சொன்னதும் வழக்கமாக மாற்றும் பாகங்களை வரிசையாக மாற்றினார்கள்.

குன்னூர்ப் பட்டறையின் தனித்தன்மை இங்கேதான் தெரிகிறது. இயந்திரத்தை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே கேள்விகள் தொடங்கிவிட்டன. கிளம்பியது முதல் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது? வெயில் ஏறிய பிறகு நிற்பதும் காலைப் பனியில் நிற்பதும் ஒரே மாதிரியா? நிற்கும் முன் சத்தம் ஏறி இறங்குகிறதா, நேராகக் குறைகிறதா, சுவிட்சை அணைத்ததுபோல் நிற்கிறதா? புகை வருகிறதா, என்ன நிறம்? சரிவில் திரும்பும்போது நிற்கிறதா? பெட்ரோல் எப்போது வாங்கியது, எதில் வைத்திருக்கிறீர்கள்? கடைசியாகப் பிளேடு கல்லில் பட்டது எப்போது? இவற்றில் பாதிக்கு மேல் எனக்கு விடை தெரியவில்லை. இயந்திரத்தை ஓட்டும் தோட்டக்காரரையே தொலைபேசியில் அழைத்துத் தரச் சொல்லி, அவரிடம் நீலகிரியில் பேசப்படும் படுகு மொழியில் நீண்ட நேரம் பேசினார். பேசி முடித்ததும், “சார், உங்க வண்டியில ஒரு கோளாறு இல்ல, ரெண்டு இருக்கு. ரெண்டும் மாத்தி மாத்தி வருது” என்று சொன்னார். அப்போது இயந்திரத்தின் ஒரு திருகைக்கூட அவர் கழற்றியிருக்கவில்லை.

எஞ்சின் நிற்கும் விதத்தை வைத்தே காரணத்தின் இனத்தைப் பிரித்துவிட முடியும் என்பது அவருடைய முறை. அவர் விளக்கியதையும், பின்னர் எஞ்சின் கையேடுகளில் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன். கிளம்பிய ஓரிரு நிமிடங்களிலேயே நிற்குமானால், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் தேங்கியிருந்த பெட்ரோல் மட்டும் எரிந்து, புதிய பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை என்று பொருள்; கிணறு ஊறும் வேகத்தைவிட இறைக்கும் வேகம் மிகுந்தால் வாளி தரையில் தட்டுவதுபோல. டேங்கின் வடிகட்டி, பெட்ரோல் குழாய், மிதவை ஊசி ஆகியவற்றை அப்போது பார்க்க வேண்டும். காற்று வழியைச் சுருக்கும் சோக்கை இழுத்துப் பிடித்தால் மட்டும் ஓடி, சோக்கைத் தள்ளியதும் நிற்குமானால் கலவையில் பெட்ரோல் குறைகிறது. பெரும்பாலும், பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையில் பழைய பெட்ரோலின் பிசின் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே கசிவைத் தடுக்க வைத்திருக்கும் கேஸ்கெட் வழியாகக் காற்று கசிந்து நுழையும். சத்தம் அலைபோல் ஏறி இறங்குவதும் பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர், வேகம் குறையும்போது கலவை செல்லும் வழியான த்ராட்டிலைத் திறந்தும் மிகும்போது மூடியும் சமாளிக்க முயல்வதால் அந்த அலை எழுகிறது. கவர்னரே பழுதென்று எண்ணி அதன் ஸ்பிரிங்கை வளைத்துப் பார்ப்பவர்கள் குறையை இன்னும் பெரிதாக்கிவிடுகிறார்கள்.

கால் மணி, இருபது நிமிடம் நன்றாக ஓடிச் சூடேறிய பிறகு நிற்பது வேறு இனம். டேங்க் மூடியில் காற்று நுழைவதற்கென உள்ள நுண்துளை அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் கீழே இறங்க மறுக்கும். நின்றவுடன் மூடியைத் தளர்த்தும்போது காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, உடனே எஞ்சின் கிளம்பினால் காரணம் அதுவே. மூடியைத் தளர்த்தியும் கிளம்பாமல், ஆறிய பிறகே கிளம்பினால், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து, ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். வால்வின் இடைவெளி குறைந்துபோன எஞ்சினும் சூடேறியதும் அழுத்தம் இழந்து நிற்கும். சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் கைப்பிடியில் உள்ள நிறுத்து லீவரின் கேபிளையும் அதன் கீழே வரும் மின்கம்பியையும் முதலில் பார்க்க வேண்டும். கேபிள் நீண்டு தொய்ந்திருந்தால், எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் பிரேக் முழுவதும் விலகாமல் உரசும். கம்பியின் மேலுறை தேய்ந்திருந்தால் அதிர்வில் இரும்பைத் தொட்டு ஸ்பார்க்கை நிறுத்திவிடும். பிளேடு கல்லிலோ வேரிலோ மோதிய பிறகு குறை தொடங்கியிருந்தால் ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் சிறிய கீ பாதி அறுந்து, ஸ்பார்க் விழும் நேரம் மாறியிருக்கலாம். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் இவற்றில் ஏதோ ஒன்றைச் சேர்க்கவோ விலக்கவோ கேட்டது என்பது அப்போதுதான் புரிந்தது.

அடுத்து அவர் செய்தது சோதனை ஓட்டம். பட்டறைக்குப் பின்னால் வெட்டாத புல் உள்ள ஒரு துண்டு நிலத்தை இதற்கென்றே விட்டு வைத்திருக்கிறார். சுமை இல்லாமல் சிமெண்டுத் தரையில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை என்பது அவர் கருத்து. அது சரியென்றே நினைக்கிறேன், ஏனெனில் சமவெளிச் சேவை மையத்தில் அரை மணி நேரம் ஓடியது அப்படித்தான். ஸ்பார்க் பிளக்குக்கும் அதன் மூடிக்கும் நடுவே, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் ஒளிரும் சிறிய சோதனைக் கருவியைப் பொருத்திவிட்டுப் புல்லில் இறக்கி ஓட்டினார். எஞ்சின் இருமி நின்றபோது விளக்கு கடைசிச் சுற்று வரை ஒளிர்ந்தது. ஆகவே காயிலும் நிறுத்துக் கம்பியும் சந்தேகத்திலிருந்து நீங்கின. டேங்க் மூடியைத் தளர்த்தினார், காற்று இழுபடும் சத்தம் இல்லை. பிறகு பிளக் மூடியைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்தார். சிறிது நேரத்தில் குப்பியின் அடியில் தெளிவான கோட்டோடு வேறொரு திரவம் தனியாகத் தேங்கி நின்றது. பிளேடு, கிண்ணம் எதில் கைவைப்பதற்கு முன்பும் பிளக் மூடியைக் கழற்றும் பழக்கத்தை அவர் ஒரு முறையும் மீறவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பிளேடைக் கையால் சுழற்றினாலே சூடான எஞ்சின் கிளம்பிவிடக்கூடும். ஒரு பட்டறையில் இந்தப் பழக்கம் இல்லையென்றால் அங்கே இயந்திரத்தை விடாமல் திரும்பிவிடுவதே நல்லது.

அடியில் தேங்கியது தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்த கலவை. இந்தியாவில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு 2022 ஜூன் மாதம் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது அதுவே. எத்தனால் தண்ணீரை ஈர்த்துத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அந்தக் கொள்ளளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தாலோ, வெப்பநிலை வெகுவாகக் குறைந்தாலோ, தண்ணீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பது எத்தனாலை இழந்த பெட்ரோல். மலைப்பகுதியில் இந்த இரண்டு காரணங்களும் கூடி வருகின்றன: மழைக்காலம் முழுவதும் மூடுபனியின் ஈரம், இரவில் கடுங்குளிர். கேனில் பாதி பெட்ரோலும் பாதி காற்றுமாக வாரக்கணக்கில் இருந்தால், அந்தக் காற்றின் ஈரம் உட்சுவரில் பனித்து உள்ளே வடியும். கார்புரேட்டரின் மெயின் ஜெட் பெட்ரோலை உறிஞ்சுவதே கிண்ணத்தின் அடிப்பகுதியிலிருந்துதான் என்பதால், அங்கே தேங்கிய சிறிதளவு தண்ணீரே எஞ்சினை நிறுத்தப் போதுமானது. சரிவில் திரும்பும்போது அடியில் இருப்பது கலங்கி ஜெட்டுக்குள் போய்விடும். தோட்டக்காரர் சொன்ன திடீர் இருமலுக்குக் காரணம் இது.

எத்தனாலைப் பற்றி மெக்கானிக் சொன்ன அனைத்தையும் நான் ஏற்கவில்லை. பட்டறைக்கு வரும் பழுதுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு அவர் எத்தனாலையே காரணமாக்குகிறார். எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோலை மட்டுமே ஊற்ற வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார். சாதாரணப் பெட்ரோலைவிட அதன் விலை ஒன்றரை மடங்கு அளவில் உள்ளது. மலையில் அது எளிதாகக் கிடைப்பதும் இல்லை. சிறு எஞ்சின்களின் கையேடுகளில் பெரும்பாலானவை 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன என்பதும், பழைய கார்புரேட்டர்களின் ரப்பர் வளையங்களும் குழாய்களும் அதற்கு மேல் போனால் உப்பிக் கெட்டுவிடக்கூடும் என்பதும் உண்மையே. எனினும் எங்கள் இயந்திரத்தில் ரப்பர் பாகம் எதுவும் கெட்டிருக்கவில்லை. நிற்க வைத்தது பெட்ரோலைச் சேமித்த விதமே. ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு மட்டும் வாங்கி, வாய் இறுக மூடும் உலோகக் கேனில் காற்றுக்கு அதிக இடம் விடாமல் நிரப்பி வைத்து, பருவம் முடிந்ததும் டேங்கையும் கிண்ணத்தையும் வடித்துவிட்டால், சாதாரணப் பெட்ரோலிலேயே சமாளித்துவிடலாம் என்பது என் முடிவு. அதன் பிறகு இதுவரை அப்படித்தான் ஓடுகிறது.

தண்ணீரை வடித்து, டேங்கைக் கழுவி, புதிய பெட்ரோல் ஊற்றிய பிறகும் அவர் இயந்திரத்தைத் தரவில்லை. இரண்டாவது கோளாறு பாக்கி இருந்தது. புல்லில் இறக்கி ஓட்டியபோது இருமல் நின்றிருந்தது. ஆனால் கால் மணி நேரத்துக்குள் எஞ்சின் மெல்லத் தளர்ந்து, கருப்பாகப் புகைவிட்டு நின்றது. பிளக்கைக் கழற்றிக் காட்டினார். சேவை மையத்தில் அண்மையில் மாற்றிய புதிய பிளக்கின் முனை, உலர்ந்த கரியால் மூடிக் கிடந்தது. நல்ல எரிப்பு நடக்கும் எஞ்சினில் பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருக்கும். ஈரமான எண்ணெய்க் கருமை பிஸ்டன் வளையத் தேய்மானத்தைக் காட்டும். உலர்ந்த கரி, காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைக் காட்டும். ஏர் ஃபில்டர் புதியது, சோக் முழுவதும் திறந்திருந்தது. மீதி இருந்தது ஜெட் மட்டுமே.

சமவெளியில் சரியாக ஓடிய இயந்திரம் மலையில் நின்றதன் மர்மம் இங்கே அவிழ்ந்தது. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோயம்புத்தூரோ சுமார் 400 மீட்டர். குன்னூரின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் காற்றின் கன அளவு எங்கும் ஒன்றே என்றாலும், மலையில் அந்தக் காற்று எடை குறைந்தது. காற்றின் எடை குறையும் அதே விகிதத்தில் பெட்ரோல் குறைவதில்லை. அதை அளந்து விடுவது ஜெட்டின் துளை, அந்தத் துளையோ மாறவில்லை. விளைவாகக் கலவையில் பெட்ரோல் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடிவிடுகிறது. குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதற்கு இது உதவியாகவே இருக்கும். அதனால்தான் காலையில் கிளம்புவதில் எந்தக் குறையும் தெரியவில்லை. சூடேறிய பிறகு அதே மிகுதி கரியாகிப் பிளக்கை மூடுகிறது. 1,500 மீட்டருக்கு மேல் நிரந்தரமாக ஓடும் எஞ்சினுக்குச் சிறிய துளையுள்ள ஜெட்டைப் பொருத்தி, கலவைத் திருகையும் சரிசெய்ய வேண்டும் என்று ஹோண்டா போன்ற நிறுவனங்களின் கையேடுகளே சொல்கின்றன. அந்தப் பக்கம் கையேட்டின் கடைசியில் இருப்பதால் எவரும் படிப்பதில்லை போலும்.

“பழைய கார்புரேட்டர் இருக்கா சார்?” என்று அவர் கேட்டது இதற்காகத்தான். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அதன் மெயின் ஜெட்டைத் திருகி எடுத்து, பொறித்திருந்த எண்ணைப் பூதக்கண்ணாடியில் படித்தார். புதியதில் இருந்ததைவிட அது சிறிய அளவு. எஸ்டேட்டில் இருந்த காலத்தில் விவரமறிந்த யாரோ மலைக்கேற்ற ஜெட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். சமவெளியில் கார்புரேட்டரை மாற்றியபோது அந்த ஏற்பாடும் சேர்ந்து போய்விட்டது. முதலில் இருந்த கோளாறு தண்ணீர் மட்டுமே. இரண்டாவது கோளாறு பழுது நீக்கத்தில் வந்து சேர்ந்தது. சேவை மையத்தில் புதிய பெட்ரோல் ஊற்றியதால் முதல் கோளாறும், உயரம் குறைவாக இருந்ததால் இரண்டாவது கோளாறும் அங்கே தலைகாட்டவில்லை.

இதற்குப் பிறகு வேலை எளிது. பழைய ஜெட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காற்றை அழுத்தி ஊதிச் சுத்தம் செய்து, புதிய கார்புரேட்டரில் பொருத்தினார். ஜெட்டின் துளையில் கம்பியை விட்டுக் குடைய மாட்டேன் என்றார். பித்தளை மென்மையானது, கண்ணுக்குத் தெரியாத அளவு துளை பெரிதானாலும் சிறிய ஜெட் போட்டதன் பயன் போய்விடும். பிளக்கைச் சுத்தம் செய்து இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்கு வைத்தார். வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்த பிறகு அளந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். நிறுத்து லீவரின் கேபிளில் இருந்த சிறிய தொய்வை இறுக்கினார், பிளேடைச் சாணை பிடித்துச் சமநிலை பார்த்தார், அடித்தட்டில் ஒட்டிக் காய்ந்திருந்த புல்லைச் சுரண்டினார். அடித்தட்டைச் சுரண்ட இயந்திரத்தைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும் என்று தோட்டக்காரருக்குச் செய்து காட்டினார். மாற்றிச் சாய்த்தால் எண்ணெய் ஃபில்டருக்குள் இறங்கிக் காற்று வழியை அடைத்துவிடும், அதுவும் எஞ்சின் நிற்க ஒரு காரணம்.

பழுது பார்த்துத் திரும்பிய இயந்திரம் மழைக்காலத்தின் மீதிப் பகுதியையும், மே மாதத்துச் சுற்றுலாப் பருவத்தையும் நிற்காமல் கடந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளிர் பழுப்பாக இருக்கிறது. பெட்ரோல் செலவும் குறைந்திருப்பது தெரிகிறது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: ஜெட் மாற்றியதால் எஞ்சினுக்குப் புது பலம் வந்துவிடவில்லை. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 3.5 சதவீதம் திறன் குறையும் என்று கையேடுகள் கணக்குச் சொல்கின்றன. அந்தக் கணக்கில் குன்னூரில் ஐந்தில் ஒரு பங்கு திறன் எப்படியும் போய்விடும். ஈரமான கிக்கூயு புல்லை ஒரே மூச்சில் தரையொட்ட வெட்ட முயன்றால் இன்றும் எஞ்சின் திணறும். பிளேடின் உயரத்தை ஏற்றி ஒரு முறையும், இறக்கி ஒரு முறையும் வெட்டுவதே வழி. இதைப் பட்டறையிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். வேலையைப் பெரிதாக்கிக் காட்டும் வாய்ப்பு இருந்தும் அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

கட்டணம் 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பெரும்பகுதி வேலைக்கூலி. பாகங்கள் என்று வாங்கியது ஒரு கேஸ்கெட்டும் கிண்ணத்தின் வளையமும் மட்டுமே. கேஸ்கெட் நிறுவனத்துப் பாகம் அல்ல என்பதை நான் கேட்காமலே சொன்னார். நிறுவனத்துப் பாகம் வேண்டுமென்றால் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றும் விலை மூன்று மடங்கு என்றும் சொல்லி, முடிவை என்னிடம் விட்டார். புதிய கார்புரேட்டரிலிருந்து கழற்றிய பெரிய ஜெட்டை ஒரு சிறிய உறையில் போட்டு, மேலே ‘கீழ்நாட்டு ஜெட்’ என்று எழுதிக் கொடுத்தார். இந்த இயந்திரத்தை எப்போதாவது சமவெளிக்கு விற்றால் அந்த ஜெட்டை மாட்டிவிட்டே ஓட்ட வேண்டும். சிறிய ஜெட்டோடு கீழே ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் அளவுமீறிச் சூடாகி, பிஸ்டன் வரை கெட்டுவிடும்.

குறைகளும் உண்டு. வாயால் சொல்லும் கணக்கே கணக்கு. எழுத்தில் பில் வேண்டுமென்றால் வற்புறுத்திக் கேட்க வேண்டும், கேட்டாலும் அது ஒரு துண்டுக் காகிதத்தில் வரும். விடுதிக் கணக்கில் சேர்க்க முறையான ரசீது தேவைப்படுகிறவர்களுக்கு இது தொல்லை. தொலைபேசியை அவர் எடுப்பதே அரிது. கொழுந்து பறிப்பு மும்முரமாக நடக்கும் நாள்களில் லான் மோவர் வரிசையின் கடைசியில்தான் நிற்கும். அறுவடை இயந்திரம் ஒரு நாள் நின்றால் சிறு விவசாயியின் இலை முற்றிவிடும் என்ற அவருடைய காரணத்தை மறுக்கவும் முடியவில்லை. விடுதியிலிருந்து இயந்திரத்தை எடுத்துச் செல்லும் வசதி கிடையாது. பட்டறை இருக்கும் சந்து செங்குத்தானது. காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, முப்பது கிலோ எடையுள்ள இயந்திரத்தை இருவர் தூக்கி இறக்க வேண்டும். டேங்கில் பெட்ரோலோடு காரில் ஏற்றி வந்தால் திட்டுவார். அதே நேரத்தில் வீட்டுக் கேனில் உள்ள பெட்ரோலில் சிறிதளவைச் சோதனைக்குத் தனியாகக் கண்ணாடிப் புட்டியில் கொண்டுவரச் சொல்வார். இந்த இரண்டையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் ஒரு நடை மிச்சமாகும்.

உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தை இங்கே கொண்டுபோக வேண்டாம். ஜெட்டை மாற்றுவதை விற்பனையாளரின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் செய்தால்தான் உத்தரவாதம் நிலைக்கும். அங்கே போகும்போது இயந்திரம் எந்த உயரத்தில் ஓடப் போகிறது என்பதை எழுத்திலேயே குறிப்பிட்டுக் கொடுப்பது நல்லது. வாங்கும்போதே கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. மின்சார ஸ்டார்ட்டர் உள்ளவற்றிலும் பேட்டரி மோவர்களிலும் இந்தப் பட்டறைக்காரருக்கு ஆர்வம் இல்லை. வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடிப்பார் என்று பக்கத்து விடுதிக்காரர் சொன்னார். கயிற்றை இழுத்துக் கிளப்பும் பெட்ரோல் எஞ்சின், அதுவும் ஏற்கெனவே யாரோ பாகங்களை மாற்றிப் பார்த்தும் தீராத கோளாறு என்றால், தாராளமாக எடுத்துச் செல்லலாம். மாலை நான்கு மணிக்கு மேல் போவது நல்லது. அறுவடை இயந்திரக்காரர்கள் அதற்குள் தோட்டத்துக்குத் திரும்பியிருப்பார்கள், கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் அவருக்கு நேரம் இருக்கும். இயந்திரத்தை ஓட்டுகிறவர் யாரோ அவரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.